அம்மாவுக்கு நான் தவறாக வாசித்த கடிதம்

அன்பான விசுவாசக் குடும்பத்தாருக்கு, டென்மார்க்கின் ஓகூஸ் நகரிலிருந்து எழுதுகிறேன். நான் சபையில் சொன்ன முதல் சாட்சி பொய்ச் சாட்சி. அதனால் இந்த இரண்டாவதை எழுதப் பயமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் அதுவும் பொய்யாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. தம்பியை வளர்ப்பதற்காகச் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர். அப்பாவுக்கும் கையெழுத்து வைக்க மட்டுமே வரும். ஆகவே ஒன்பது வயதிலிருந்து எங்கள் வீட்டுக் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகம், வைத்தியசாலை, பள்ளிக்கூடம், எங்கிருந்து வந்தாலும் அம்மா உறையைப் பிரிக்காமல் என் மேசையில் வைத்துவிடுவார். நான் சொல்வதுதான் அவருக்குக் கடிதம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான் என்ற பெருமை எனக்கு நிறைய இருந்தது.

2008 ஆடிக் கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. வணிகமும் நிதியும் படிக்கப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். கணக்கில் புள்ளி போதாது என்று எழுதியிருந்தார்கள். முதலில் ஒரு வருடம் ஆயத்தப் படிப்புப் படிக்க வேண்டும், அதில் தேறினால்தான் பட்டப்படிப்பில் இடம்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். "கம்பசில இடம் கிடைச்சிட்டுதம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"உன்ர பேர் எங்க கிடக்கு?" என்று கேட்டார். காட்டினேன். அந்த எழுத்துகளை விரலால் தடவினார்.

முழுப்பொய் இல்லைதானே, ஒரு வருடத்தில் உண்மையாகிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். ஆனால் ஆவணியில் சபையில் எழுந்து நின்று, கர்த்தர் எனக்குப் பட்டப்படிப்பில் இடம் தந்தார் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அம்மா இரண்டு நாள் நின்று ரோல்ஸ் பொரித்துச் சபைக்கே கொடுத்தார். போர் நடந்த வன்னியில் இருந்த தன் தம்பிக்கும் தொலைபேசியில் சொன்னார். அந்த மாமாவைத்தான் அவர் படிப்பை விட்டு வளர்த்தவர்.

தை மாதத்துக்குப் பிறகு மாமாவின் தொடர்பு இல்லை. மாமா, மாமி, என் வயதுடைய அவர்களின் மகள் நிரோசா, மூன்று பேரும் எங்கே என்று தெரியவில்லை. சபை உபவாசம் இருந்தது. நான் காலையில் பஸ்ஸில் ஆயத்த வகுப்புக்குப் போய்க் கணக்குச் செய்வேன். பின்னேரம் வீட்டில் எல்லாரும் முழங்காலில் இருப்போம். ஜெபத்தில் எனக்கு வாய் வராது. பொய்ச் சாட்சி சொன்ன வாயால் எப்படிக் கேட்பது?

சித்திரையில் ஒரு சனிக்கிழமை அம்மா சொன்னார்: "நாளைக்கு மாமாவுக்காக நீ எழும்பி ஜெபி பிள்ளை. நீ கேட்டால் தருவார். உனக்கு அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தவர்தானே."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குசினியில் அவர் முன்னாலேயே அழுது எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ரொட்டி மாவிலிருந்து கையை எடுத்தார்.

"ஒரு வருசம் பிந்தினால் என்ன? அதுக்காக எழுத்துத் தெரியாத என்னைக் குருடியாக்கினனீ?"

பிறகு திரும்பி மாவைப் பிசையத் தொடங்கினார்.

மறுநாள் சபையில் எழுந்து அறிக்கை செய்தேன். கடைசி வரிசையில் இருந்த வயதான அங்கிள் ஒருவர், "அப்ப திண்ட ரோல்ஸைத் திருப்பித் தரவேணுமோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். போதகர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வைகாசியில் போர் முடிந்தது என்று செய்தி வந்தது. அந்தக் கிழமை எனக்குக் கணிதப் பரீட்சை. வெளியே நல்ல வெயில். கூடப் படித்தவர்கள் புல்லில் படுத்திருந்தார்கள். நான் விறாந்தையில் நின்று, "ஆண்டவரே, மாமா குடும்பத்தைத் தாரும். அம்மா நம்பக்கூடிய ஒரு வாயைத் தாரும்" என்று கேட்டேன். பிறகு உள்ளே போய்ப் பரீட்சை எழுதினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அங்கே சனம் செத்துக்கொண்டிருக்க, நான் பேனைக்கு மை இருக்கிறதா என்று பார்த்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு வவுனியா அகதி முகாம் ஒன்றில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. அதில் மாமாவின் பெயரும் ஊரும் இருந்தன. அச்செடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். பெயரை விரலால் காட்டினேன். அம்மா அதைத் தொடவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போதகரின் மனைவியிடம் போனார். "அக்கா, இதில என்ர தம்பியின்ர பேர் இருக்கோ எண்டு பாருங்கோ" என்று கேட்டாராம். அவர் வாசித்துச் சொன்ன பிறகுதான் அம்மா அழுதாராம்.

எனக்கு வேறு தண்டனை தேவைப்படவில்லை.

ஆடியில் மாமாவின் கடிதம் வந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீயே வாசி. ஒண்டையும் விடாமல் வாசி."

வாசித்தேன். மாமி சுகம். மாமாவுக்குக் காலில் காயம், ஆறி வருகிறது. அடுத்த வரியைக் கண்டதும் வாசிப்பதை நிறுத்தினேன். அதைத் தாண்டிப் போவது எனக்குச் சுலபம். அம்மாவுக்குத் தெரியவராது. அன்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆண்டவரே" என்று மட்டும் மனதில் சொன்னேன். வாசித்தேன்.

"கடற்கரைப் பக்கம் வரேக்க நிரோசாவை இழந்திட்டம் அக்கா. தன்ர மச்சாள் கம்பசில படிக்கிறாள் எண்டு பங்கர்க் குழிக்குள்ள எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவள்."

அம்மா தாளுக்குக் கிட்டக் குனிந்தார். "அவளின்ர பேர் எங்க கிடக்கு?" என்று கேட்டார். காட்டினேன். அந்தப் பெயரில் விரலை வைத்தவர் எடுக்கவேயில்லை. மற்றக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் அறிக்கைக்குக் கூலியாகக் கர்த்தர் மாமாவைத் தந்தார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். எங்களைவிட நன்றாக ஜெபித்தவர்களின் பிள்ளைகளும் வரவில்லை. நிரோசாவும் வரவில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான்: அம்மா நம்பக்கூடிய வாயைக் கேட்டேன். அந்த வரியில் தந்தார்.

ஆயத்த வருடத்தில் தேறினேன். இப்போது பட்டப்படிப்பில் இரண்டாம் வருடம். நிரோசா சொல்லித் திரிந்தது பிந்தித்தான் உண்மையானது. வகுப்பில் உட்காரும்போதெல்லாம் அவளுக்குக் கடமைப்பட்டவளாகவே உட்காருகிறேன்.

உங்களில் யாருக்காவது தாயிடமோ கணவனிடமோ மாற்றி வாசித்த ஒரு கடிதம் இருந்தால், இன்றைக்கே எடுத்துச் சரியாக வாசித்துக் காட்டுங்கள். கர்த்தர் பக்கத்தில் நிற்பார். என் மேசையில் இப்போது மூன்று கடிதங்கள் இருக்கின்றன. அம்மா காலையில் வைத்துவிட்டுப் போனவை. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.