புட்டுமாவுப் பனி

அம்மாவுக்குக் குளிர் தாங்குமா தாங்காதா என்று பார்ப்பதற்காக அப்பா எங்களைத் துபாய்க்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளியே ஜூன் மாத வெயில். கார்க் கதவைத் துணி சுற்றித்தான் திறக்க வேண்டும்.

நாங்கள் அப்போது புஜைராவில் இருந்தோம். அம்மா அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவுக்குத் துறைமுகத்தை ஒட்டி எண்ணெய் டேங்குகளைப் பராமரிக்கிற வேலை. அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் எடுக்க வந்திருந்தவர்களிடம் அம்மா நேர்காணலுக்குப் போய்த் தேறியும் விட்டாள். வருகிறேன், இல்லை என்று அந்த வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும். முதலில் அம்மா போவது, பிறகு அம்மாவின் விசாவில் அப்பாவும் நானும் போய்ச் சேர்வது என்று ஏற்பாடு. எனக்கு ஒன்பது வயது. பனி பெய்கிற ஊரில் பள்ளிக்கூடம் என்று நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்காது.

அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "நான் அங்க வந்து என்ன செய்ய? சோறு பொங்கி வச்சிட்டு, நீ டூட்டி முடிஞ்சு வாரதப் பாத்துக்கிட்டு இருக்கவா?" அதற்கப்புறம் அப்பா அயர்லாந்தைப் பற்றிப் பேச்சு வந்தால் குளிரைப் பற்றி மட்டும்தான் பேசினார். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்களுக்குக் குளிரைச் சொல்லவே நாலைந்து பேச்சுதான் உண்டு. சில்லுங்குது, விறைக்குது, எலும்புக்குள்ள பூருது என்போம். அப்பா அவ்வளவையும் அந்த வாரத்திலேயே செலவழித்துவிட்டார். மார்கழிக் காற்றுக்கே மூக்கு ஒழுகுகிறவள் நீ, ஐஸ் மேல் நடந்து டூட்டிக்குப் போவாயா என்பார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, துபாயில் ஒரு மாலுக்குள் பனிமலை கட்டி வைத்திருந்த இடத்தில் வேலை பார்த்தார். சறுக்க வருகிறவர்களுக்கு அளவு பார்த்து பூட்ஸ் மாட்டிவிடுகிற கவுண்டர். "ஷேக்கா இருந்தாலும் சரி, டிரைவரா இருந்தாலும் சரி, எம் முன்னால வந்து ஒத்தக் காலத் தூக்கித்தான் நிக்கணும்" என்று பெருமையாகச் சொல்வார். புஜைராவிலிருந்து மலை ஏறிப் போகிற வழியில் அப்பா அவருக்கு போன் போட்டார். "மாப்ளே, சும்மா வேடிக்கை பாத்துட்டு வார எடம் வேண்டாம். சறுக்குற எடத்துல விடு. நல்லா விழுந்து எந்திக்கட்டும்." அம்மா பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

குளிருக்குக் காப்பு என்று அவள் காலையிலேயே எங்கள் மூன்று பேர் தலையிலும் தேங்காய் எண்ணெயை வழிய வழிய வைத்திருந்தாள். உள்ளே போய்ச் சற்று நேரத்தில் எண்ணெய் அத்தனையும் உறைந்துவிட்டது. அம்மாவின் பின்னல் விபூதி பூசினது போல வெளுத்துப் போனது. எனக்கு ஒரு நிமிஷம் பயமாகிவிட்டது, அம்மா கிழவியாகிவிட்டாள் என்று. மாமா என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இத வழிச்சு எடுத்தா ஒரு வாரத்துக்குத் தாளிக்கலாம்" என்றார்.

கோட்டும் பூட்ஸும், சறுக்குப் பலகையும் ஊன்றுகோலும் அங்கேயே கொடுத்தார்கள். கையுறை நாமே வாங்க வேண்டும். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா மூச்சுக் காட்டாமல் கைப்பையிலிருந்து மூன்று ஜோடிக் காலுறையும் ஆஸ்பத்திரி ரப்பர் கையுறையும் எடுத்தாள். எங்கள் இரண்டு பேர் கைக்கும் காலுறை, அதன் மேல் ரப்பர். அப்பாவிடமும் ஒரு ஜோடியை நீட்டினாள். எண்ணெய் டேங்கின் உச்சியில் வெறுங்கையோடு நிற்கிறவன் நான் என்று அப்பா அதைத் தள்ளிவிட்டார்.

இறங்குவதற்கு முன் மாமா ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ரோலர் ஓட்டி இறுக்கின பாதை. அந்தப் பக்கம் இரவில் மெஷின் தூவினபடியே கிடக்கிற புதுப் பனி. "புட்டுமாவு மாதிரி இருக்கும், அத்தான். கால வச்சா இறங்கிரும். பிரான்ஸ் மலையில எல்லாம் கூட்டம் ஓடுற பாதைய விட்டுட்டு இந்த மாதிரி எடமாப் பாத்துத்தான் பெரிய ஆட்கள் போவாங்களாம். நமக்கு வேண்டாம். மேனேஜர் கண்டா எனக்குத்தான் ஏச்சு."

சொல்லிக்கொடுக்க வந்தவன் ஏதோ குளிர் தேசத்துப் பையன். முழங்காலை மடக்கு, குதிகாலை விரி என்றான். அம்மா வார்டில் டாக்டர் சொல்வதைக் கேட்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டு, சொன்னதை அப்படியே செய்தாள். மூன்று தரம் விழுந்தாள். நாலாவது தரம் கீழே வரைக்கும் வந்தாள். அப்பா முழங்காலை மடக்கமாட்டேன் என்று விறைத்து நின்றதால் நின்ற இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தார். நான் விழுவதே சறுக்குவது என்று வைத்துக்கொண்டேன்.

பாடம் முடிந்த பிறகு அம்மா இன்னொரு தரம் மேலே ஏறினாள். இந்தத் தடவை வேகம் கூடிப்போய், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், கயிற்றுக்கு அடியில் புகுந்து நேரே புட்டுமாவுக்குள் போய்விட்டாள். வெள்ளையாகத் தூசி எழும்பினது. தூசி அடங்கினபோது அம்மா இடுப்புவரை புதைந்து உட்கார்ந்திருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஏட்டி, அசையாம இரு, நான் வாரேன்" என்று அப்பா பாய்ந்தார். பாய்ந்தவர் கயிற்றைத் தாண்டினதும் ஒரு சறுக்குப் பலகை கழன்று தனியாக ஓட, முகம் குப்புற விழுந்தார். எழுந்திருக்கக் கையை ஊன்றினால் முழங்கைவரை உள்ளே போகிறது. மறு கையை ஊன்றினால் அதுவும் போகிறது. அம்மா அதற்குள் பையன் சொல்லித்தந்தபடி ஊன்றுகோலைப் பனியின் மேல் படுக்கப் போட்டு, அதை அழுத்தி எழுந்துவிட்டாள். பக்கவாட்டில் அடி மேல் அடி வைத்து அப்பாவிடம் வந்து கையை நீட்டினாள்.

"கையத் தாங்க."

"நீ போ. நான் வருவேன்."

"விரலெல்லாம் செவந்து போச்சு. பிடிங்க, ஒரு இழுப்புதான்."

"போன்னு சொல்லுதேன்லா."

அப்பா தலையைத் தூக்கி மேலே பார்த்தார். கம்பியில் தொங்கிப் போகிற நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் குனிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் மாமா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். நானும் நின்றேன். அப்பாவின் உதடு நீலமாகிவிட்டது. பல் அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. அம்மாவின் கை நீட்டினபடியே இருந்தது.

கடைசியில் அந்தப் பையன் வந்தான். அப்பா இரண்டு கையையும் அவனிடம் நீட்டினார். அவனுக்கு அப்பாவின் வயதில் பாதிதான் இருக்கும். அப்பா எழுந்து நின்று, "தேங்க்யூ சார்" என்றார். அம்மா கையை மடக்கிக்கொண்டு வந்து, என் தோளில் இல்லாத பனியைத் தட்டிவிட்டாள்.

திரும்பும்போது காரில் அப்பா ஏசி போடவில்லை. நாங்கள் வேர்த்து ஒழுகிக்கொண்டு வந்தோம். தலையில் எண்ணெய் உருகிக் காதுக்குள் இறங்கினது. மலைப்பாதை வந்த பிறகு அம்மா சொன்னாள். "எனக்கு இந்தக் குளிர் ஒத்துக்காதுங்க. வரலன்னு சொல்லிருதேன்."

ஒரு வாரமாக அந்த வார்த்தைக்காகத்தான் அப்பா தொண்டை வற்றப் பேசியிருந்தார். ஆனால் கேட்டபிறகு ரோட்டையே பார்த்து ஓட்டினார். எனக்கு அழுகையாக வந்தது. அம்மா ஒரு தடவைகூட நடுங்கவில்லையே, பிறகெப்படி ஒத்துக்காது என்று கேட்டேன். சில பேருக்கு வெளியே தெரியாது என்றாள். நர்ஸ் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அங்கே அன்றைக்குத்தான் விடுமுறை, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றோம். அம்மாவோடு வேலை பார்க்கிற ஆன்ட்டி வந்து, இவ்வளவு தூரம் தேறிவிட்டு ஏன் விட்டாய் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பதில் எனக்குத் தெரியுமே. "அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்காது, ஆன்ட்டி" என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

காரைத் திறக்கப் போன அப்பா திரும்பி வந்தார்.

"அவளுக்கு ஒண்ணுமில்ல" என்றார். "எனக்குத்தான் ஒத்துக்கல."

அம்மா திருத்துவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்பாவின் மேல் கோபம் கோபமாக வந்தது, நற்கருணை வாங்கின வாயால் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று.