பஞ்சு அடைத்த சலங்கை

நெவில் டாப்சன் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தது, வீட்டைச் சூடாக்கும் பாய்லரைப் பழுது பார்க்க. கடும் ஜனவரி. வீட்டுக்குள்ளேயே பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. கதவைத் திறந்ததும் "சாரி" என்றார். தாமதத்துக்காக இருக்கும் என்று நினைத்தேன். மனிதர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்திருந்தார். பாய்லரின் மூடியைக் கழற்றும்போது அது கிறீச்சிட்டது. அதனிடமும் ஒரு சாரி சொன்னார். தேநீர் கொடுத்து, நான் மதுரைப் பக்கம் என்று சொன்னதுதான் தாமதம், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க ஆளுங்க உங்க ஊர்ல வந்து பண்ணினதுக்கெல்லாம், ரொம்ப சாரிங்க."

"நீங்களா பண்ணினீங்க? பாய்லரைப் பாருங்க நெவில்."

கொஞ்ச நேரம் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "ரயில் நல்லாப் போட்டுக் குடுத்தோம்ல?" என்று ஆசையாகக் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். "சாரி" என்றார்.

அவர் பக்கத்து வீட்டுக்காரர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நாங்கள் குடிவந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தானாக வந்து அறிமுகம் செய்துகொண்டால் தொந்தரவாக இருக்குமே என்று, எங்கள் பாய்லர் கெட்டுப்போகும்வரை காத்திருந்திருக்கிறார். இங்கிலாந்தில், பேன்பரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இதுதான் மரியாதை.

இங்கிலீஷ்காரனாக இருப்பது நெவிலுக்குத் தீராத அரிப்பு மாதிரி. சொறிந்தால் சுகம், அப்புறம் எரிச்சல். ஸ்பெயினுக்கு விடுமுறை போனால், பக்கத்து மேசையில் சட்டையில்லாமல், வெயிலில் இறால் போலச் சிவந்து, கூச்சல் போட்டுக்கொண்டிருக்கும் தன் நாட்டுக்காரர்களைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார். வெயிட்டர் எந்த ஊர் என்று கேட்டால் "வடக்கே" என்பார். அன்று முழுக்க டச்சுக்காரர் போலத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். அதே மனிதர், அங்கே கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, எங்கள் ஊர் மழையையும் வேலியோரத்து நாவல்நிறப் பழங்களையும் நினைத்துக் கண் கலங்குவாராம். அவர் மனைவி பாலின் சொல்லிச் சிரிப்பாள்.

கால்பந்து சமயத்தில் மாடி ஜன்னலில் இங்கிலாந்துக் கொடி கட்டுவார். ஒரு வருடம் மொட்டைத்தலைக் கும்பல் ஒன்று அதே கொடியைத் தூக்கிக்கொண்டு, என்னைப் போன்றவர்களை ஊருக்குப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டு கடைத்தெருவில் போனது. வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், ஜன்னலில் கொடி இல்லை. வாசலில் நெவில், கையில் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பலகாரம். "சாரி" என்றார். நாங்கள் அதைச் சாப்பிடுவதில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஐயோ, எங்களுக்கு ரொம்பப் பிடிக்குமே" என்று வாங்கி வைத்தேன். அந்த அளவுக்கு நானும் இந்த ஊர் மரியாதையில் ஊறிப்போயிருந்தேன்.

ஆனால் அவர் உடம்பில் இங்கிலாந்து குடியிருந்த இடம் கொடி இல்லை, முழங்காலுக்குக் கீழே. நெவில் மாரிஸ் ஆட்டக்காரர். வெள்ளை உடை, பூ வைத்த தொப்பி, இரண்டு கையிலும் வெள்ளைக் கைக்குட்டை, காலில் வரிசை வரிசையாகச் சலங்கை. ஆறு ஆண்கள் எதிரெதிரே நின்று துள்ளித் துள்ளி ஆடுவார்கள். இந்த நாட்டில் இதைவிடப் பழைய ஆட்டம் இல்லை என்பார்கள், இதைவிட அதிகம் கேலி செய்யப்படும் ஆட்டமும் இல்லை. மாரிஸ் என்று சொன்னாலே இங்கிலீஷ்காரர்கள் தங்கள் ஷூவைப் பார்ப்பார்கள்.

நான் முதன்முதலில் பார்த்தபோது கை தட்டிவிட்டேன். "நெவில், இது எங்க ஊர் ஒயிலாட்டம்! கைக்குட்டை, சலங்கை, வரிசை, எல்லாம் அப்படியே இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "இதையும் உங்ககிட்ட இருந்துதான் எடுத்துட்டு வந்துட்டோமா?"

அவருடைய ஒரே மகள் பிப்பாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, மே மாத முதல் நாள், ஆட்டம் சந்தைத் திடலில். பிப்பாவின் வகுப்புப் பெண்கள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு வந்து நின்றார்கள். "அந்த எகிறி எகிறிக் குதிக்கிறவர் உங்க அப்பா மாதிரி இல்ல?" என்று ஒருத்தி கேட்டாள். "யாரு? நான் பாத்ததே இல்லை" என்றாள் பிப்பா. ஆறு பேர் சலங்கைச் சத்தத்துக்கு நடுவிலும் நெவில் காதில் அது விழுந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பிப்பாவின் பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் ஆடப் போகவில்லை. இதை அவர் மகளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. என்னிடம்கூட வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, ரோஜாச்செடியைப் பார்த்தபடிதான் சொன்னார்.

பிப்பா வளர்ந்து, வேல்ஸ் நாட்டுக் கார்டிஃபில் வேலைக்குப் போய், எம்லின் என்ற வேல்ஸ்காரப் பையனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நல்ல பையன். கல்யாணம் அவன் ஊரில். எல்லாம் பேசி முடித்தபின் அப்பாவை உட்காரவைத்தாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு. ஆட்டம் வேணாம்."

"சரிம்மா."

"சலங்கை, கைக்குட்டை, தொப்பி, ஒண்ணும் வேணாம். உங்க கூட்டாளிங்க அஞ்சு பேரும் விருந்தாளியா வரட்டும். மனுஷங்க மாதிரி வரட்டும். எம்லின் வீட்டுல எல்லாரும் பாடுறவங்க. நம்மளைப் பாத்து அவங்க சிரிச்சா நான் செத்துருவேன்."

"சத்தியமா இல்லம்மா."

சத்தியம் செய்துவிட்டார். கூட்டாளிகள் ஐந்து பேரிடமும் வாங்கிவிட்டார். ஆனால் இந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. குழுவில் யார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும் சலங்கைச் சத்தத்தோடுதான் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் பெண்ணுக்கு ஆகாது. நெவிலுக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு, கெடுதல் அண்டாமலிருக்க மரத்தைத் தொட்டுக்கொள்வார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பாலின் எங்கள் மருந்துக் கடைக்கு வந்து பஞ்சு கேட்டாள். நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

"பஞ்சு தீந்துபோச்சு பாலின். இந்த வாரம் என்னமோ எல்லாரும் பஞ்சா வாங்குறாங்க. பல் டாக்டர் பெர்னார்டுகூட வந்து வாங்கிட்டுப் போனாரு. எதுக்கு உனக்கு?"

பாலின் சுற்றுமுற்றும் பார்த்தாள். "நெவில் சலங்கையைக் கால்ல கட்டி, மேல பேன்ட் போட்டுட்டு வரப்போறாரு. சத்தம் வராம ஒவ்வொரு மணியிலயும் பஞ்சு அடைக்கணும். ஆட்டம் வேணாம்னுதானே பிப்பா சொன்னா, அவளுக்காக உடம்புல மட்டும் இருந்துட்டுப் போகட்டும்கிறாரு. யார்கிட்டயும் சொல்லிடாத."

சலங்கையும் வேண்டாம் என்றுதான் பிப்பா சொன்னாள் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை. என் கைப்பையில் இருந்த பஞ்சைக் கொடுத்தேன்.

மறுநாள் வேல்ஸ் தேவாலயத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நெவில் உள்ளே வந்த நடையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அன்னநடை. முழங்காலை மடக்காமல், பாதத்தைத் தூக்காமல், தரையில் இழுத்து இழுத்து வந்தார். ஆர்கன் வாசிப்பவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டியதாயிற்று.

"என்னப்பா நடக்குறீங்க? முட்டி வலியா?" என்று பிப்பா கிசுகிசுத்தாள்.

"ஆமாம்மா. சாரி."

அவர் தாண்டிப்போன வழியெல்லாம் பேன்டிலிருந்து சின்னச் சின்னப் பஞ்சு விழுந்துகொண்டே வந்தது. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைப்பைக்குள் போட்டேன். பொறுக்கும்போதே எங்கோ மெல்ல 'சிணுங்' என்றது. பின்வரிசையிலிருந்தும் ஒன்று 'சிணுங்' என்றது. கூட்டாளிகள் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்த வரிசை அது. இங்கிலாந்துப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. தேவாலயத்துக்குள் யானை வந்தாலும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள், யானை என்று சொல்ல மாட்டார்கள்.

விருந்து ஊர் மண்டபத்தில். சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பாட ஆரம்பித்தார்கள். யாரும் யாரையும் கெஞ்சவில்லை. ஒரு கிழவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தார், கறிக்கடைக்காரர் கீழ்ச்சுருதியில் சேர்ந்துகொண்டார், அத்தைகளெல்லாம் மேலே பிடித்தார்கள், மண்டபத்துக் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா நெரிஸ் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"சம்பந்தி, நாங்க பாடியாச்சு. இப்ப இங்கிலாந்து பக்கம் உங்களோடது ஒண்ணு ஆகட்டும்."

எங்கள் பக்கம் எல்லோரும் ஷூவைப் பார்த்தார்கள். ஒருவர் ஜன்னலுக்கு வெளியே மழை வருமா என்று பார்த்தார். பெர்னார்ட் பக்கத்தில் இருந்த வேல்ஸ்காரரிடம், எந்த ரோடு வழியாக வந்தீர்கள், லாரி நெரிசல் இருந்ததா என்று விசாரித்தார். அந்த மனிதருக்கு வீடு அடுத்த தெரு.

பாட ஆரம்பித்து வைத்த கிழவர் விடவில்லை. "அந்தக் காலத்துல எங்க நாட்டைப் பிடிக்க வாளும் கையுமா வந்தப்ப அவ்வளவு சத்தம் போட்டீங்க. இப்ப என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?"

மண்டபமே சிரித்தது. பிப்பா மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்திருந்தது. எனக்கு அந்தக் கிழவர் மேல் கோபமாக வந்தது. எங்களை, ஆமாம், எங்களைத்தான் இப்படிச் சொல்கிறாரே என்று. என் ஆட்களை நான் கேலி செய்யலாம், இவர் யார்?

நெவில் பார்த்தார். வீட்டுக்குத் தலைவர், எழுந்து ஏதாவது சொல்லியாக வேண்டும். "சாரி, எங்ககிட்ட அப்படி ஒண்ணும்..." என்று சட்டென எழுந்தார்.

ஜல்!

பஞ்சு பாதிதான் மிச்சமிருந்தது. இடது கால் முழுக்கக் காலி. மண்டபமே அவர் காலைப் பார்த்தது. நெவிலின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கோ இறங்கிவிட்டது. மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள்.

அப்போது மூலையிலிருந்து ஆட்டக் கூட்டாளி பல் டாக்டர் பெர்னார்ட் எழுந்தார். "சாரி. அது நான்தான்."

அவர் எழுந்ததில் அவர் காலிலும் 'ஜல்' என்றது.

"இல்லல்ல, மன்னிக்கணும், அது என்னோடது" என்று இன்னொருவர் எழுந்தார். ஜல். "சாரி, நான் காலை ஆட்டிட்டேன்," ஜல். "தப்பு என் பேர்ல," ஜல். கடைசி ஆள் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்தபடி கையை மட்டும் உயர்த்தினார். அதற்கே ஜல் என்றது.

ஆறு பேர். ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் சத்தியத்தை மீறியதாக நினைத்து, காலையிலிருந்து ஊரெல்லாம் கேட்ட சத்தத்தைத் தன் காலிலிருந்து வந்ததாகவே எண்ணி, வியர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு தப்பித்திருப்பான். இவர்களை மன்னிப்புக் கேட்கும் பழக்கமே காட்டிக்கொடுத்துவிட்டது. எங்கள் மருந்துக் கடையில் பஞ்சு எங்கே போனது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

பிப்பா எழுந்து வந்தாள். அப்பாவின் எதிரே நின்றாள்.

"சத்தியம் பண்ணினீங்களேப்பா."

"ஆமாம்மா. நீ நல்லா இருக்கணும்னுதான். சத்தம் வராதுன்னு நெனச்சேன்." பேன்ட் நுனியைப் பிடித்துக் குனிந்தார். "கழட்டிடுறேன். எல்லாரும் கழட்டிடுறோம்."

பிப்பா ஆறு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளைச் சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்த மாமாக்கள்.

"கைக்குட்டை?"

ஆறு பேரும் தயங்கித் தயங்கிக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டைகள், ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் தலையணை உறை அகலம்.

"அம்மா, உன் அக்கார்டியன்?"

"அது எப்பவும் கார்ல கெடக்குறதுதானே" என்று பாலின் கூரையைப் பார்த்தாள்.

"எனக்கு இப்பவும் வெட்கமாத்தான்பா இருக்கு" என்றாள் பிப்பா. முகமெல்லாம் செக்கச்செவேல். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆடுங்க."

நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். பாலின் அக்கார்டியனை இழுத்தாள். மிச்சப் பஞ்சும் பனி மாதிரிப் பறந்தது. என்ன ஆட்டம் அது! தொப்பை குலுங்க, டை தோளுக்குமேல் பறக்க, கைக்குட்டைகள் ஏறி இறங்க, பலகைத் தரை இடிபட, ஆறு கிழட்டுக் குதிரைகளும் எகிறின. வேல்ஸ்காரர்கள் முதலில் வாயைப் பிளந்தார்கள், அப்புறம் சிரித்தார்கள், அப்புறம் காலால் தாளம் போட்டார்கள். வம்பிழுத்த கிழவர் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார். நான் என் முந்தானையைச் சுழற்றினேன். வயதுக்குத் தகுந்த காரியமில்லைதான்.

நெரிஸ் பிப்பாவின் பக்கம் சாய்ந்தாள். சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. "எல்லாரையும்விட உசரமா எகிறுறாரே, அவரு யாரு?"

பிப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள், விரல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு. "அது எங்க அப்பா" என்றாள். நெரிஸுக்குக் கேட்கவில்லையோ என்று கையை எடுத்துவிட்டு மண்டபத்துக்கே கேட்கும்படி கத்தினாள். "அது எங்க அப்பாங்க!"

நெவில் அப்போது ஆட்டத்தின் நடுவில் இருந்தார். சலங்கையில் கேட்டிருக்காது என்று, ஊருக்குத் திரும்பிய மறுநாள் வேலியோரம் போய் நானே சொன்னேன். அவர் ரோஜாச்செடியை வெட்டிக்கொண்டிருந்தார்.

"சாரி, சரியா விழலை. என்ன சொன்னா?"

திரும்பச் சொன்னேன்.

"கத்தியா சொன்னா?"

"கத்தித்தான் சொன்னா."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதில் கையை வைத்து வேலிக்கு மேல் குனிந்தார்.

"சாரிங்க. இன்னும் ஒரு தடவை சொல்றீங்களா?"