சூளைக்கு ஒரு நியாயம், அடுப்புக்கு ஒரு நியாயம்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அதை நினைத்தால் இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபம். நவீன விறகு அடுப்பு விழிப்புணர்வு முகாம். ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. வாராவாரம் பத்திரிகையில் எதையாவது எழுதுகிறவன் என்பதால் நான் சிறப்பு விருந்தினர். மேடையில் ஆறு பேர், ஆறு பேரும் ஆண்கள். கீழே நாற்காலிகளில் முழுக்கப் பெண்கள். இந்த ஆறு பேரில் விறகு அடுப்பு மூட்டத் தெரிந்தவர் யார் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால்... நல்லவேளை, கேட்கவில்லை.

அடுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல அடுப்பு. உள்ளே நம்மூர் செராமிக் களிமண்ணில் சுட்ட அறை, மேலே கூரைக்கு வெளியே போகும் புகைக்குழாய். ஒரு பக்கம் சோறு வேகும்போதே பக்கத்துத் தொட்டியில் குளிக்க வெந்நீர் காய்ந்துவிடும். ஒரு இளம் இன்ஜினியர் பற்றவைத்துக் காட்டினார். நிஜமாகவே மண்டபத்துக்குள் புகை இல்லை. எல்லோரும் கைதட்டினோம்.

அப்போது நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தார். பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த விறகைக் காட்டினார். சாண் நீளம், விரல் தடிமன், எலும்பு மாதிரி காய்ந்தது.

"இந்த மாதிரி வெறகு யாரு சார் வெட்டித் தருவாங்க?"

மண்டபமே சிரித்தது. மேடையும் சிரித்தது. வெட்டிக் காயவைத்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு மேடம் என்றார் இன்ஜினியர். நானும் சிரித்தேன். ஆமாம், எழுதித்தானே ஆக வேண்டும்... நானும் சிரித்தேன்.

முகாம் முடிந்து ஆட்டோவில் வரும்போது பார்த்தால், அஞ்சலை பஸ் ஸ்டாப் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. ஏறச் சொன்னேன். வழியில், இருமலுக்கு நடுவே சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போனாராம். பீடி பிடிப்பீர்களா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டாராம். இல்லை என்றதும், வீட்டில் என்ன அடுப்பு என்று கேட்டாராம். இன்னும் இப்படியே புகையைக் குடித்துக்கொண்டிருந்தால் நாலு எட்டு நடப்பதற்குள் மூச்சு நின்று நின்று வரும், அப்புறம் மருந்தும் கேட்காது என்று சொல்லி அனுப்பினாராம்.

வீட்டில் இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். காஸ் இல்லையா? இருக்கிறது. காலையில் டீக்கும் குழம்புக்கும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் காஸ். ஒரு அண்டா வெந்நீருக்கு அதைத் திறக்க முடியுமா? அதற்குப் பின்கட்டில் மூன்று கல். பக்கத்தில் ஒரு குவியல் முந்திரிக் கிளையும் வேலிகாத்தானும், கார்த்திகை மழையில் நனைந்து இன்னும் சொதசொதவென்று கிடந்தது. மேலே தகரம் தார் பூசினாற்போல் இருந்தது. பச்சை முந்திரி விறகுப் புகை எப்படிக் கண்ணைப் பிடுங்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்கு இந்த வெந்நீர்?

வீட்டுக்காரருக்கு. வேலை முடிந்து கரியும் தூசியுமாக வருவாராம். தினமும் ஒரு அண்டா வேண்டுமாம். என்ன வேலை என்று கேட்டேன். அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அடுத்த தெருவில் பொம்மையும் அகல்விளக்கும் செய்கிற ஒரு சின்ன செராமிக் பட்டறை. அதில் விறகுச் சூளைக்கு நெருப்புப் போடுகிறவர் குணசேகரன், அஞ்சலையின் வீட்டுக்காரர்.

நேரே பட்டறைக்கே போனேன். மனிதர் தங்கமானவர், அதையும் சொல்லிவிடுகிறேன். டீ வாங்கிக் கொடுத்தார். சூளையைச் சுற்றிக் காட்டினார். விறகைப் பார்க்க வேண்டுமே! ஒரே அளவாகப் பிளந்து, காற்று போக வழிவிட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு... எங்கள் வீட்டுப் புத்தக அலமாரி இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. ஈரமிருக்கிறதா என்று இரண்டு கட்டையைத் தட்டி, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். ஈர விறகு சூளைக்குள் போகவே கூடாதாம். ஏன் என்று கேட்டேன்.

"புகை பட்டா பொம்ம மூஞ்சி கறுத்துடும் சார். ஒண்ணு கறுத்தாலும் மொதலாளி தூக்கி வெளிய வச்சிடுவாரு."

உங்கள் வீட்டில் என்ன விறகு எரிகிறது என்று கேட்டேன். கிடைக்கிறதை எரிக்கிறாள் என்றார். பிளந்து காயவைக்க உங்களைவிடக் கெட்டிக்காரர் இந்த ஊரில் உண்டா, வீட்டுக்கு ஏன் செய்வதில்லை என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"இது கம்பெனி வேல சார். அது வூட்டு வேல."

அவ்வளவுதான். பொம்மைக்குப் புகை ஆகாது. பொண்டாட்டிக்கு ஆகும். பொம்மை கறுத்தால் கேட்க முதலாளி இருக்கிறார். நெஞ்சு கறுத்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? கேட்கிற ஒரே ஆளும் மண்டபத்தில் எழுந்து கேட்டார். நாங்கள் சிரித்தோம்.

தலைமுறையாகச் சூளை நெருப்போடு பழகிய ஊர் இது. எந்த விறகு எப்படி எரியும், காற்று எந்தப் பக்கம் நுழையும், புகை எந்தப் பக்கம் போகும்... இந்த ஊர் ஆண்களுக்கு இன்ஜினியர் வந்து பாடம் எடுக்க வேண்டியதே இல்லை. ஆனால் அந்த அறிவெல்லாம் பட்டறை வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் வரும்போது செருப்போடு சேர்த்து அதையும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். நாமும் விழிப்புணர்வு என்ற பெயரில் யாரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம்? இருமுகிறவர்களை!

முகாம் நடத்தியவர்களுக்கு அன்றைக்கே போன் போட்டேன். அடுத்த முகாமைப் பட்டறை வாசலில் வையுங்கள், ஆண்களைக் கூப்பிடுங்கள், கோடாலியோடு வரச் சொல்லுங்கள் என்றேன். அடுப்பு முகாமுக்கு ஆம்பளைங்க எப்படி சார் வருவாங்க என்று தொண்டு நிறுவனச் செயலாளர் சிரித்தார். மண்டபத்தில் நான் சிரித்தேனே, அதே சிரிப்பு. மேடையில் ஆறு பேர் வந்து உட்கார்ந்தோமே, நாங்கள் யாராம் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மூன்று நாள் பொறுத்து அஞ்சலை வீட்டுப் பக்கம் போனேன். வாசலிலேயே மனசு குளிர்ந்துவிட்டது. பிளந்த விறகு, சாண் சாணாக, குறுக்கும் நெடுக்குமாக, மேலே தார்ப்பாய்! குணசேகரன் செய்தேவிட்டார். முகாமில் பெயர் கொடுத்துப் புது அடுப்பும் வாங்கி, குழாய்கூட மாட்டியாகிவிட்டது. அப்பாடா என்று உள்ளே எட்டிப் பார்த்தேன்.

அஞ்சலை பின்கட்டில் அதே மூன்று கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். அதே ஈர முந்திரி. அதே இருமல்.

ஏம்மா என்றேன். புது விறகு இன்னும் இரண்டு வாரம் காய வேண்டுமாம். அதுவரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாராம்.

"அதுவரைக்கும் வெந்நீ?"

"அது எப்பவும்போல வேணுமாம் சார்."

குணசேகரன் அவர்களே, இந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள் என்று தெரியும். இரண்டு வாரம் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள் — கரைந்துபோக நீங்கள் ஒன்றும் சுடாத மண் இல்லை!