நாகலிங்கம் அண்ணனின் ரோமாபுரி

வெள்ளிக்கிழமை ஓவர்டைம் இருந்தால், பூசை முடிந்து நான் ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்கு வந்து சேரும்போது என் அச்சுகளுக்கு யாரோ எண்ணெய் பூசி வைத்திருப்பார்கள். மூலைமுடுக்கெல்லாம் துணியால் ஒற்றி, வழிந்ததைத் துடைத்து, கலவை போட்டால் போதும் என்கிற மாதிரி இருக்கும். வானத்திலிருந்து இறங்கும் சம்மனசுகளின் வேலை என்று முழுதாக நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெபமாலையில் அதற்காக ஒன்றிரண்டு மணி கூடுதலாக உருட்டியிருக்கிறேன். சம்மனசு பீடி குடிக்கும், கிள்ளை என்கிற ஊரில் பிறந்திருக்கும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. கேட்டதற்கு நாகலிங்கம் அண்ணன், "எண்ணெ சும்மா கெடந்துச்சு, பூசினேன். இதுக்குப் போயி நன்றி சொல்லிக்கிட்டு" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அல் ஐன் நகரத்தில் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் சனையாவில் எங்கள் கம்பெனி. வில்லா கட்டுகிற அரபிகளுக்கு ரோமாபுரித் தூண் செய்து கொடுப்பதுதான் தொழில். அடியில் பீடம், நடுவில் வரிவரியாக உடம்பு, தலையில் சுருண்ட இலைகளால் ஒரு கிரீடம். கண்ணாடி நார் கலந்த சிமெண்டை அச்சில் அடித்துச் செய்வது. வெளியே கம்பீரம், உள்ளே வெறும் கூடு. கோயிலில் முதல் வரிசையில் முழந்தாள்படியிடும் என்னைப் போலவே.

அண்ணன் எங்கள் பகுதிக்கு ஃபோர்மேன். குட்டையான ஆள், நெற்றியில் திருநீறு, தலையில் முண்டாசாகக் கட்டிய அரபித் துண்டு. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருந்தார். தூண் அச்சிலிருந்து வெளியே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அந்த நகத்தால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுப்பார். எங்கே நகம் தட்டுகிறதோ அங்கே பட்டி வைக்க வேண்டும். "நகம் நிக்கக் கூடாதுப்பா, வழுக்கிக்கிட்டு ஓடணும்" என்பது அவருடைய வேதவாக்கு. பேங்க், ஆஸ்பத்திரி, மால் என்று எங்கே தூணைக் கண்டாலும் நகம் தானாகப் போய்விடும். மாலில் ஒரு நேப்பாளி செக்யூரிட்டி எங்களையே முறைத்துக்கொண்டிருந்தான். "பாயி, செக்கிங்" என்றார் அண்ணன். அவன் சல்யூட் வைத்தான்.

எனக்கு ரோமாபுரி என்றால் பாப்பரசர். அவருக்கு ரோமாபுரி என்றால் தூண். பாப்பரசர் இறந்த வாரம், கேம்ப் டிவியில் இரவும் பகலும் அந்தப் பெரிய கோயிலையே காட்டினார்கள். நான் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். அண்ணன் எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"ஜெயசீலா, பாத்தியா? நம்ம டிசைன அப்புடியே அடிச்சிருக்கானுவோ."

பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் தன் கட்டிலுக்குப் போய்விட்டார். ஆனால் கேள்வி அவருக்குள் நின்றுவிட்டது. மறுநாள் கலவை கிண்டும்போது ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா, ஒங்க சாமியச் சிலுவையில அடிச்சது யாரு?"

"யூதருங்க புடிச்சுக் குடுத்தாங்க. தீர்ப்புச் சொன்னவன் போஞ்சு பிலாத்து."

"அவன் எந்த ஊர்க்காரன்?"

நாற்பது வருடமாக விசுவாசப் பிரமாணத்தில் நாள் தவறாமல் அந்த ஆளின் பெயரைச் சொல்லி வருகிறேன். எந்த ஊர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எங்கள் ஊர் மணியக்காரரைப் போல அந்தப் பக்கத்து ஆள் ஒருவராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை மலையாளி ஃபாதரிடம் கேட்டேன். ரோம ராஜாவின் அதிகாரி என்றார். அண்ணனிடம் வந்து சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அப்ப கொன்னவன் ஊர்லயே போயி ஏம்ப்பா தலைமைக் கோயிலக் கட்டினீங்க?"

அன்று சோற்றுத்தட்டோடு அவர் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்கு மேல் இருக்கிற பாடமெல்லாம் இப்போது ஒரு திருநீற்றுக்காரர் வாயிலிருந்து கேள்வியாக வருகிறது. அடுத்த வெள்ளி மறுபடியும் ஃபாதர். பாவம், பிடிபட்ட மனிதர் பொறுமையாகச் சொன்னார். முதல் பாப்பரசரான ராயப்பரை அந்த ஊரில்தான் தலைகீழாகச் சிலுவையில் அறைந்தார்கள், அவருடைய கல்லறைமேல்தான் கோயில் நிற்கிறது. முந்நூறு வருடம் கழித்து ரோம ராஜாவே நம் பக்கம் வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமையை லீவு நாளாக்கியது அவன்தான். அது அதற்கு முன்னால் சூரியனுக்கு உரிய நாள். கோயில் பேசிய லத்தீன் அவர்கள் பாஷை. ஜூலை, ஆகஸ்டு இரண்டும் அவர்களுடைய பழைய ராஜாக்கள் பெயர். இவ்வளவையும் வாய்க்குள் முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டே பஸ்ஸில் வந்தேன். கவனம் பிசகி ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கினேன்.

அண்ணன் பீடியைப் பாதியில் அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அட, இவ்வளவுதானா? ராஜா கஃபீல் மாத்திக்கிட்டான்யா. பழைய மொதலாளிகிட்ட ரிலீஸ் வாங்கிக்கிட்டு ஒங்க சாமிகிட்டச் சேந்துட்டான். சேரும்போது பழைய தூணு, பழைய பாஷ, பழைய லீவு நாளு எல்லாத்தையும் கையோட கொண்டாந்துட்டான். நம்ம கம்பெனி கைமாறுனப்ப போர்டு மட்டுந்தான மாறுச்சு, மோல்டு அதேதான?"

ஃபாதர் அத்தனை நேரம் சொல்லி என் மண்டையில் ஏறாதது அப்போது ஏறியது. ஏறியதும் பயமாக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஜூலை, ஆகஸ்டுன்னு வச்சான் பாரு பேரு, இந்த ஊரு வெயிலுக்குப் பொருத்தமா. செத்தும் நம்மளப் போட்டு வேல வாங்குறான்" என்று முண்டாசை அவிழ்த்து முகம் துடைத்தார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் வில்லா வேலைகள் அப்படியப்படியே நின்றுபோயின. ஒரே ஒரு அரபி வந்தார், ஒரு பெரிய தோட்டம் முழுக்கத் தூண் வேண்டும் என்று. மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். சாம்பிள் அரபிக்குப் பிடித்தால் எங்கள் பகுதி பிழைக்கும், இல்லையென்றால் கலாஸ், எல்லோருக்கும் விசா கேன்சல். அண்ணன் வேறு யாரையும் அந்தத் தூணைத் தொடவிடவில்லை. நகம் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டே ஓடியது.

அரபி வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்தார். "பஹுத் அச்சா. லேகின் நயா ஹை" என்றார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் புதிதாக இருக்கிறதே என்று அவருக்குக் குறை. மனைவியோடு ரோமாபுரி போய்வந்தவராம். செல்போனில் போட்டோ காட்டினார். தலை போன தூண், பாதியில் முறிந்த தூண், புல்லில் விழுந்து கிடக்கும் தூண். தோட்டத்துக்கு அதுதான் வேண்டும். இதை உடைத்துக் காட்டுங்கள், பிடித்தால் ஆர்டர் என்றார்.

அண்ணன் சுத்தியலை வாங்கினார். ஓங்கவில்லை. "ஒடையாம இருக்கத்தான இத்தன வருசம் சம்பளம் குடுத்தீங்க" என்று மேனேஜரிடம் தமிழிலேயே சொன்னார். பிறகு சுத்தியலை என்னிடம் நீட்டினார். "ஜெயசீலா, இது ஒன் டிபார்ட்மெண்டுப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். நியாயம்தான். கம்பெனியில் அதிகமாகத் தூண் உடைத்தவன் நான். தூக்கும்போது ஒன்று, இறக்கும்போது ஒன்று. என் திறமைக்கும் ஒரு காலம் வந்ததே என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓங்கி அடித்தேன். சுத்தியல் துள்ளித் திரும்பி என் மோவாயில் இடித்தது. தூணில் பொட்டுக் கீறல் இல்லை. மறுபடியும் அடித்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தர அந்தோனியார் இருக்கிறார், உடைத்துத் தர எந்தப் புனிதரை வேண்டிக்கொள்வது? அரபி கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணன் வந்து என் கையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டார். கண்ணை மூடினார். நகத்தைத் தூணின்மேல் ஓடவிட்டார். கிரீடத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினார். அங்கே ஒரே அடி. தலை சாய்ந்து, இலைகள் சிதறி விழுந்தன. "ஹாதா ரோமா", இதுதான் ரோமாபுரி என்று அரபி கைதட்டினார். அண்ணன் அவர் பக்கம் திரும்பவில்லை. எச்சில் தொட்ட விரலால் அந்த விரிசலின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றார், பட்டி வைக்கப் போகிறவரைப் போல.

ஆர்டர் கிடைத்தது, எங்கள் வேலை தப்பித்தது. ஒவ்வொரு தூணையும் குறையில்லாமல் செய்து முடித்த பிறகே உடைத்தார். "செய்யும்போதே ஒடஞ்ச மாரி செஞ்சிடலாமே அண்ணே" என்றேன். "அது திருட்டுத்தனம்" என்றார். கடைசித் தூண் போன அன்று, கட்டிலில் உட்கார்ந்து ஆக்சா பிளேடால் அந்த நகத்தை வெட்டிப் போட்டார். மறுநாள் தானாகவே போய் கேன்சல் எழுதிக் கொடுத்துவிட்டார். மேனேஜர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

கேம்ப் வாசலில் ஏர்போர்ட் வேன் நின்றது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டியை ஏற்றிவிட்டு நான் கும்பிட்டேன். அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஊருக்கு வந்தா வீட்டுக்கு வாய்யா. எம் பொஞ்சாதி பூவாயி கேப்பா, ஒங்க அண்ணன் செஞ்ச தூணெல்லாம் நல்லா நிக்குதான்னு. நிக்குதுன்னு சொல்லு. பொய் சொன்னா ஒங்க சாமி கோவிச்சுக்கும்னா, பாதி நிக்குதுன்னு சொல்லு. மீதிய நான் சொல்லிக்கிறேன்."