புகைக்குண்டு விழுந்த கூரை

அந்த ஊரின் புகைக்குண்டு விழா இரண்டு தெருவாரின் ஒற்றுமையால் உருவானது என்று நோட்டீசில் அச்சடித்திருக்கிறார்கள். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒற்றுமையாம்! அது எப்படித் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். எங்கள் கூரையில் தொடங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சண்டையால் தீவிலிருந்து இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்தில் இணுவிலுக்கு அப்பால் ஒரு தோட்டக் கிராமத்தில் ஒதுங்கியிருந்தோம். அப்பா, அம்மா, நான். எனக்குப் பதினாறு வயது. புகையிலைத் தோட்டமொன்றின் மூலையில் ஓலைக் குடில் போட்டுக்கொள்ள தோட்டக்காரர் இடம் தந்தார். வீட்டிலிருந்து நாங்கள் கொண்டுவந்தவற்றில் பெறுமதியானது அப்பாவின் வலை ஒன்றுதான். வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு அந்த வலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். குருநகர்க் கடற்கரையில் இருந்த மாமா, வலையோடு வந்தால் தன் வள்ளத்தில் பங்குக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வருகிற வழியில் கிழிந்துபோயிருந்ததை அப்பா இரண்டு மாதமாகக் கண்ணி கண்ணியாகப் பொத்தி முடித்திருந்தார். எலி கடிக்காமல் இருக்க அதைக் கூரை வளையில் தொங்கவிட்டிருந்தோம். திங்கட்கிழமை அவர் தொழிலுக்குப் போவதாக இருந்தது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை கோவில் திருவிழா. வாணம் விட வெடிமருந்து கிடையாது. கிடைத்தாலும் வெடிச் சத்தம் கேட்டால் எங்கிருந்து என்ன விழும் என்ற பயம். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே புகைக்குண்டு விடுவோம் என்று முடிவெடுத்தார்கள். ஆள் உயரத்துக்கு மெல்லிய தாளை ஒட்டி, வாயில் கம்பி வளையம் கட்டி, வளையத்தின் நடுவில் மண்ணெண்ணெயில் ஊறிய துணிப் பந்தைக் கொளுத்தி மேலே அனுப்புவது. நாங்கள் ஜாம் போத்தல் விளக்குக்குச் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. மேற்குத் தெருவுக்கு ஒன்று, கிழக்குத் தெருவுக்கு ஒன்று. எது தூரம் போகிறதோ அந்தத் தெருவுக்கு வெற்றி. வளையத்தில் தெருவின் அடையாளமாக ஒரு தகரத் துண்டு தொங்கும். அது விழுந்த வளவின் வீட்டுக்காரர் “இங்கேதான் விழுந்தது” என்று வாயால் சொல்லித் தகரத்தைக் கையில் கொடுக்க வேண்டும். அப்போதுதான் கணக்கில் எடுப்பார்கள்.

அன்று காலையிலிருந்தே சோளகக் காற்று உரத்து வீசியது. அப்பா கோவிலடிக்குப் போய், இந்தக் காற்றுக்கு நெருப்பை மேலே விட வேண்டாம், கிழக்கே எல்லாம் ஓலைக் கூரை என்று சொல்லியிருக்கிறார். கடல்காரருக்குத் தோட்டக் காற்று தெரியுமோ என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். ஆயுள் முழுவதும் காற்றைப் பார்த்து உயிர் பிழைத்த மனிதரிடம் அப்படிச் சொன்னார்கள். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத்தான் தோன்றுகிறது.

மேற்குத் தெருப் புகைக்குண்டு பந்து அணையாமலே சரிந்து எங்கள் கூரையில் விழுந்தது. காய்ந்த ஓலை பிடிக்க எவ்வளவு நேரம்? நானும் அம்மாவும் வெளியே பாய்ந்தோம். அப்பா உள்ளே பாய்ந்தார். வலையை அவர் இழுத்துக்கொண்டு வரும்போதே அது உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்தபோது பாதிக் கூரையும், முற்றத்தில் ஒரு கறுப்பு நைலோன் கட்டியும் மிஞ்சின. அப்பாவின் இரண்டு உள்ளங்கைகளும் கொப்பளித்திருந்தன. அம்மா சாம்பலுக்குள் கிடந்த வளையத்தையும் தகரத்தையும் தடியால் கிளறி எடுத்து, ஒரு பானையைக் கவிழ்த்து அதற்குள் மூடினார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெருவுக்கு ஒருவராக இரண்டு தெரு ஆட்களும் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். முற்றத்தில் கிடந்த கட்டியைத் தாண்டித்தான் வந்தார்கள். ஒருவர் காலால் அதை ஓரமாகத் தள்ளியும் விட்டார். மேற்குத் தெருக்காரர் கூரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தங்களுடையது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள் என்றார். பிறகு அம்மாவிடம் தகரத்தைக் கேட்டார். சொல்ல வேண்டியதைச் சொன்னால் ஓலை கொண்டுவந்து வேய்ந்து தருவதாகவும் சொன்னார். அப்பா வாய் திறக்கப் போனார். அம்மா முந்திக்கொண்டார்.

“இஞ்சை ஒண்டும் விழேல்லை. அடுப்பு நெருப்புத்தான் பத்தினது.”

மேற்குத் தெருக்காரர் கொதித்தார். கிழக்குத் தெருக்காரருக்கு வாயெல்லாம் பல். கடற்கரைச் சனம் பொய் சொல்லாது என்று அம்மாவுக்கு நற்சான்றிதழ் வேறு கொடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே சைக்கிளில் ஏறிப் போனார்கள்.

அப்பா கையைத் தண்ணீருக்குள் வைத்தபடி, ஓம் என்று சொல்லியிருந்தால் கூரையாவது கிடைத்திருக்கும் என்றார். அம்மா கவிழ்த்து வைத்த பானையைக் காட்டினார்.

“வலை எரிஞ்சதெண்டு ஒருத்தனெண்டாலும் கேட்டவனே? கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பன்.”

குருநகருக்கு அப்பா போகவில்லை. வலையில்லாமல் எந்த முகத்தோடு பங்கு கேட்பது? கை ஆறியதும் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போனார். நிமிர்ந்து நின்று தொழில் செய்த மனிதர் நாள் முழுக்கக் குனிந்திருப்பதைப் பார்க்க எனக்கு அழுகை வரவில்லை. அந்தத் தெரு இரண்டையும் கொளுத்த வேண்டும் போலிருந்தது.

மேற்குத் தெரு தோல்வியை ஒத்துக்கொள்ளாமல், வெற்றி யாருக்கென்று முடிவாகாததால் அடுத்த வருடமும் புகைக்குண்டு விடுவதென்று தீர்மானித்தார்கள். விழா அப்படித்தான் வந்தது. திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேற்குத் தெருக்காரர் எங்கள் குடிலுக்கு வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார்.

“அக்கா, இந்த முறை விழுந்தா உள்ளதைச் சொல்லவேணும்.”

விழாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் சொல்லவில்லை.