மர ஓட்டில் ஊறிய காவி

அண்ணியை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது ஒரு பட்டுப் புடவையும், அதற்குப் பொருந்தாமல் காவியேறிக் கிடந்த இரண்டு உள்ளங்கைகளும்தான்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டு, யார் யாரிடமோ பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஒருவரை நாங்கள் பிரெஞ்சுக்காரர் 'ஐயா' என்பதுபோல முசியே என்போம். மொட்டை மாடிக் குடிலுக்கு அவர் மண் ஓடு போடாமல், மரப்பலகையில் சிறுசிறு ஓடாக அறுத்து வேய்ந்திருந்தார். அதில் யாரோ அடித்த எனாமல் பெயின்ட் ஒரே மழையில் அப்பளமாக உரிந்துவிட்டது. "நீ அடிக்கிறது இந்த மழைக்கு நின்னா, கீழ் வீடு பூரா பெயின்ட் வேல உனக்குத்தான். இல்லன்னா இந்தப் பக்கம் வராத" என்றார். நான் தனியாக எடுத்த முதல் வேலை அது.

எனாமல் மேலே தோல் மாதிரி நிற்கும். பூசாத அடிப்பக்கம் வழியாக ஈரம் ஏறி அதைத் தள்ளிவிடும். ஆகவே ஓடுகளைக் கழற்றிச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெயில் காவித்தூள் கலந்து, இருபுறமும் ஊறும்படி ஒவ்வொன்றாக முக்கினேன். படகுப் பலகைக்கு எண்ணெய் ஊட்டுவதைப் பார்த்த ஞாபகம். சிக்கல் என்னவென்றால், அது காய நாளாகும். முதலியார்பேட்டையில் அண்ணன் வீட்டு மாடி முழுக்கப் பரப்பினேன்.

"துணி காயப்போட எடமில்ல. உன்னத்தான் கொடியில போடணும்" என்றார் அண்ணி.

ஓடுகள் காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள், கடலூரில் அண்ணியின் தம்பிக்கு நிச்சயதார்த்தம். அண்ணன் சேதராப்பட்டுக் கம்பெனியில் ஷிப்டு முடித்து அப்படியே அங்கே வருவதாக ஏற்பாடு. நான் முசியே வீட்டில் கூரைச் சட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. எண்ணெய் காயுமுன் நனைந்தால் ஓட்டில் நிறம் பிடிக்காது. வேலை போச்சு என்று சைக்கிளை மிதித்தேன். வந்து பார்த்தால் மாடி காலி. கட்டிலுக்கடியில், அடுப்படியில், மாதா படத்துக்கு முன்னால் என்று வீடெங்கும் ஓடுகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் சாய்த்து வைத்தபடி. நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிய பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்ணி மண்ணெண்ணெயில் கை தேய்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டிருந்தது.

"கையில என்ன காவின்னு அங்க கேட்டா என்ன சொல்லுவீங்க அண்ணி?"

"கொழுந்தன் வச்ச மருதாணின்னு சொல்லிக்கிறேன். நீ ஆட்டோ புடி."

அப்படியே சொன்னாராம்.

ஓடுகள் காய்ந்ததும் கொண்டுபோய்க் கூரையில் வேய்ந்தேன். மழைக்காலம் முடிந்ததும் முசியே மாடியேறி, கைக்குட்டையை நனைத்து ஓட்டில் அழுத்தித் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. கீழ் வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார். இப்போதும் சில வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கூரைக்கு எண்ணெய் தடவி வருகிறேன். நிறம் உரிந்ததே இல்லை.

சாவியோடு வீட்டுக்குப் போனேன். நன்றி என்ற சொல் எனக்கு வாயில் வராது, கேலிதான் வரும்.

"இனிமே உங்க மாடி வேணாம் அண்ணி. குடோன் எடுக்கப்போறேன்."

அண்ணி தட்டில் சோறு போட்டபடி சொன்னார்: "எடு. அதுவரைக்கும் மாடி சும்மாதான கெடக்குது."