மூன்றாவது கையெழுத்து

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, காலி கேப்ஸ்யூல்களில் மஞ்சள் தூள் அடைத்தது. 2008 ஆகஸ்ட், ஒரு ஞாயிறு காலை. ராமச்சந்திராபுரம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்தோம். நான் மஞ்சளும் மிளகுப்பொடியும் நிறுத்துக் கொடுத்தேன். அவர் அடைத்து மூடினார். நாளுக்கு ஆறு, வாரத்துக்கு நாற்பத்திரண்டு.

பாதியில் நிறுத்திவிட்டார்.

"மூடி கைக்கு அடங்க மாட்டேங்குது அம்மணி. நீயே மூடு."

என் அப்பா பழனிசாமி பொள்ளாச்சிக்காரர். தெலுங்கு பேசும் இந்த ஊரின் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். வெல்டிங் வைத்த குழாய்களைக் கதிர்வீச்சால் படமெடுத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. சுற்றிலும் கயிறு கட்டுவார். எல்லோரையும் கயிற்றுக்கு வெளியே அனுப்பித் தலை எண்ணுவார். பிறகுதான் கதிரைத் திறப்பார். சட்டையில் குத்தியிருந்த, கதிர் அளக்கும் பேட்ஜ் ஒருநாளும் எல்லைக்கு மேல் காட்டியதில்லை. குரல்வளையில் புற்றுநோய் என்றதும், "அதுக்கு மிசினைச் சொல்லாதீங்க, நான் ஊதுன சிகரெட்டைச் சொல்லுங்க" என்றார்.

முப்பத்தைந்து முறை கதிர்வீச்சு என்று முடிவானது. முகத்துக்கு அச்சாகச் செய்த கவசத்தை மாட்டி, அதை மேஜையோடு பூட்டுவார்கள். "ஹிலோ நக்கோ, சாச்சா" என்று உருதுவில் அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு டெக்னீஷியன் வெளியே வருவார். கனமான கதவு மூடும்.

முதல் நாள் திரும்பும்போது ஆட்டோவில் அப்பா சொன்னார்: "அத்தனை வருசம் எல்லாரையும் வெளிய அனுப்புனவன் நானு. இன்னைக்கு எல்லாரும் போயிட்டாங்க. கயித்துக்கு உள்ள நான் மட்டும். அந்தக் கதவுச் சத்தம் கேட்டதும் வெடவெடன்னு வந்துருச்சு கண்ணு."

அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் நானாக ஏதாவது வழி தேட ஆரம்பித்தேன்.

எனக்கு மாதாப்பூரில் மென்பொருள் வேலை. மதிய இடைவேளைகளில் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். மஞ்சளில் உள்ள குர்க்குமின், புற்றுச் செல்களைக் கதிருக்கு எளிதில் இரையாக்குகிறது என்றது ஒன்று. கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்களில் செய்த சோதனை. அந்த அளவை அப்பாவின் ஐம்பத்தெட்டு கிலோவுக்குப் பெருக்கி ஒரு தாளில் எழுதினேன்.

அப்பா அதைத் தொழிற்சாலைத் தாள் போலவே நடத்தினார். கீழே மூன்று கட்டம் போட்டார்: தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். முதலாவதில் நான் கையெழுத்திட்டேன். கால்குலேட்டரில் ஒவ்வொரு வரியையும் போட்டுப் பார்த்து, இரண்டாவதில் அவர் கையெழுத்திட்டார். கணக்கில் பிழை இல்லை. கிண்ணத்துக்கு வயிறும் ஈரலும் கிடையாது, மனுசனுக்கு உண்டு என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது கட்டம் டாக்டருக்கு. அது நிரம்பும் முன்பே கேப்ஸ்யூல் அடைக்க ஆரம்பித்துவிட்டோம்.

சிகிச்சையின் நான்காவது வாரம் வேறொரு கட்டுரை கண்ணில் பட்டது. இத்தகைய பொருட்கள் சில சமயம் புற்றுச் செல்லையும் கதிரிலிருந்து காப்பாற்றிவிடலாம் என்றது. உதவுகிறோமா, கெடுக்கிறோமா? அப்பாவிடம் காட்டினேன். அவர் எங்கள் கணக்குத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை டாக்டரம்மா தொண்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வேறே மந்துலு ஏமைனா தீஸ்குண்டுன்னாரா?"

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்ற அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் புரிந்தது. தாள் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

"லேதம்மா" என்றார்.

நான் பக்கத்தில் நின்றேன். அடுத்த வாரச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏம்ப்பா இல்லைன்னு சொன்னீங்க?"

"நிறுத்தச் சொல்லிட்டா? அங்க எல்லாத்தையும் மிசினு பண்ணுது. என்ற கையால நடக்கறது இது ஒண்ணுதான்."

"அப்ப நான் போய்க் கேக்கறேன்."

"எழுதுனவங்களே ஒப்புதல் வாங்கப் போகக் கூடாது. சரிபார்த்தவன்தான் போகோணும். அடுத்த வெள்ளி நானே காட்டறேன்."

எனக்கு அந்த விதி வசதியாக இருந்தது. டாக்டர் என்ன சொல்வாரோ என்று நானும் பயந்தேன்.

அந்த ஞாயிறுதான் கடைசியாகக் கேப்ஸ்யூல் அடைத்தோம். அதற்குள் அவருக்குத் தண்ணீரே தடுமாறித்தான் இறங்கியது. ஒவ்வொரு கேப்ஸ்யூலையும் இருமிக்கொண்டேதான் விழுங்கினார். செவ்வாய் காய்ச்சல். புதன் மூச்சுத் திணறல். ஏதோ நுரையீரலுக்குள் இறங்கிக் கிருமி பிடித்திருக்கிறது, இந்தச் சிகிச்சையில் இது நடப்பதுண்டு என்றார் டாக்டரம்மா. எது இறங்கியது என்று நான் கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை, வியாழன் விடியற்காலை அவர் போன பிறகும் கேட்கவில்லை.

மருத்துவமனை கொடுத்த பையில் அவருடைய சட்டை இருந்தது. சட்டைப் பையில் அதே தாள், நான்காக மடித்தபடி. மூன்றாவது கட்டம் காலி. அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'வெள்ளி. டாக்டரிடம் காட்ட வேண்டும்.'

முடித்த வேலைக்கு எதிரே அப்பா எப்போதும் ஒரு டிக் போடுவார். இதற்குப் போடவில்லை.